சென்னைக்கு மனு அனுப்பும் முன்: தொழில் வளர்ச்சி அதிகாரி விஷயத்தில் மலையில் நாம் செய்கிற தவறுகள்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் எந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசியில் ஒரு மனு தயாராகிவிடும். பச்சைத் தேயிலைக்கு கிலோவுக்கு 33.50 ரூபாய் வேண்டும், ஊட்டியில் மூடிக் கிடக்கிற எச்பிஎஃப் (இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) ஆலையை மறுபடி திறக்க வேண்டும், ஐடி பூங்கா வேண்டும், கரடி, காட்டெருமைத் தொல்லைக்கு முடிவு கட்ட வேண்டும் என்று எல்லாமே ஒரே தாளில் இருக்கும். பெறுநர் இடத்தில் முதலமைச்சர், தொழில் துறை அமைச்சர், அப்புறம் சென்னையில் முதலீட்டைக் கவனிக்கிற ஐஏஎஸ் அதிகாரி. கொஞ்ச நாள் கழித்து 'தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு வரிக் கடிதம் வரும், அதை வைத்துக்கொண்டு அரசைத் திட்டுவோம். திட்டலாம், தப்பில்லை. ஆனால் பாதிக் கோளாறு மனுவிலேயே இருக்கிறது.

அந்தப் பதவியின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போவதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். தமிழ்நாட்டில் இந்த வேலைக்கென்று 'கைடன்ஸ் தமிழ்நாடு' என்ற அமைப்பு 1992 முதல் இருக்கிறது, தொழில் துறையின் கீழ் வருவது. அதன் மேலாண்மை இயக்குநராக அரசு ஓர் ஐஏஎஸ் அதிகாரியை நியமிக்கும். வெளியிலிருந்து முதலீட்டாளரைக் கூட்டி வருவது, இடம் காட்டுவது, மின்சாரம், மாசுக் கட்டுப்பாடு, தீயணைப்பு என்று பல துறைகளில் கிடக்கும் அனுமதிகளை ஒற்றைச் சாளர முறையில் நகர்த்துவது, என்ன சலுகை தரலாம் என்று பேசி அரசுக்குக் கோப்பு வைப்பது, இதெல்லாம் அவர் வேலை. கல்யாணத் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாதகம் கொண்டுவருவார், இரண்டு வீட்டையும் பேச வைப்பார், தாலி கட்ட வேண்டியது வேறு ஆள். பெரிய சலுகையை முடிவு செய்வது அமைச்சரவை, அனுமதியில் கையெழுத்துப் போடுவது அந்தந்தத் துறை.

கைடன்ஸையும் மாநிலத் திட்டக் குழுவையும் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. 2021-ல் ரகுராம் ராஜன், எஸ்தர் டஃப்லோ எல்லாம் இருந்த பொருளாதார ஆலோசனைக் குழு அமைத்தார்களே, அதுவும் வேறு. அவர்கள் யோசனை சொல்கிறவர்கள், உங்கள் கோப்பு அவர்கள் மேசைக்கே போகாது.

அப்புறம் அளவு. ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி, தைலம் காய்ச்சுவது, கேரட் கழுவித் தரம் பிரிப்பது என்று நம்மூரில் தொடங்குகிற தொழில் எல்லாம் அநேகமாகக் குறுந்தொழில்தான். 2025 ஏப்ரல் முதல் இயந்திர, தளவாட முதலீடு 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் அது குறுந்தொழில் கணக்கு. இதற்குச் சென்னையில் இருக்கிற அந்த அதிகாரியைத் தேட வேண்டியதே இல்லை. மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர்தான் உங்கள் ஆள், அவருக்கு மேலே இருப்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை. துறையே வேறு. சென்னைக்குப் போன மனு அங்கே சுற்றி இங்கே சுற்றிக் கடைசியில் அதே பொது மேலாளர் மேசைக்குத்தான் வந்து விழும்.

இனி தேயிலை. இதில்தான் கோபமும் அதிகம், குழப்பமும் அதிகம். பச்சைத் தேயிலை விலையை மாநிலத்தின் எந்தத் தொழில் அதிகாரியும் நிர்ணயிப்பதில்லை. குன்னூரில் வாராவாரம் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ அதை அடிப்படையாக வைத்து, தொழிற்சாலைக்கும் விவசாயிக்கும் பங்கு பிரிக்கிற ஒரு முறைப்படி, தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. அந்த வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் வருவது. குறைந்தபட்ச ஆதரவு விலை என்று கேட்டால் அது டெல்லிக்கான கேள்வி, நம் எம்.பி. கேட்க வேண்டியது. மாநிலத்திடம் கேட்க ஒன்றுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. 1965 முதல் இருக்கிற இன்கோசர்வ், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்காக மாநில அரசின் கட்டுப்பாட்டில் உள்ள இணையம், அதன் தலைமைக்கும் அரசு ஐஏஎஸ் அதிகாரியைத்தான் நியமிக்கிறது. கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் பழைய மெஷினை மாற்றுவது, இலைக்குப் பணம் நிலுவையில்லாமல் தருவது, ரேஷன் கடையில் விற்கிற ஊட்டி டீயின் தரம், இலையைச் சுருட்டிச் செய்கிற ஆர்த்தடாக்ஸ் டீக்கு வெளிச் சந்தை பிடிப்பது, இவையெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் செய்யக்கூடிய வேலை. என்னைக் கேட்டால், நீலகிரி சிறு விவசாயிக்குப் 'பொருளாதார வளர்ச்சி அதிகாரி' என்றால் அது சென்னையில் இருப்பவரைவிடக் குன்னூரில் இருக்கிற இன்கோசர்வ் தலைவர்தான். ஆனால் மனுக்களில் அவர் பெயர் நகல் பெறுநர் வரிசையில் கடைசியாகத்தான் வருகிறது.

எச்பிஎஃப் பற்றிச் சுருக்கமாக. இந்து நகரில் 1967-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை மத்திய அரசு நிறுவனம், மூடுவது என்று முடிவெடுத்ததும் மத்திய அமைச்சரவை. ஃபிலிம் ரோலே இல்லாத காலத்தில் அதைத் திறக்கச் சொல்லி மாநில அதிகாரியிடம் கேட்பதை இனியாவது விட்டுவிடலாம்.

நிலம் விஷயத்தில் நடக்கிற தவறுக்குத்தான் விலை அதிகம். ஒற்றைச் சாளரத்தில் விண்ணப்பித்துவிட்டால் அனுமதி உறுதி என்று நினைக்கிறார்கள். சாளரம் விண்ணப்பத்தை வாங்கி அனுப்பத்தான், மலைச் சட்டத்தைத் தளர்த்த அதற்கு அதிகாரம் கிடையாது. இங்கே 1990-ல் அமைத்த மலைப் பகுதி பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது, 'ஹாக்கா' என்று சொல்வோமே அதுதான். 1993-ல் வந்த மாஸ்டர் பிளான் இருக்கிறது. கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. வணிகக் கட்டடம் என்றால் கட்டடத்தின் அமைப்பையும் தோற்றத்தையும் பார்க்கிற ஏஏஏ கமிட்டி, சரிவு நிலம் என்றால் வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை, வனத் துறை என்று தடையின்மைச் சான்று தனித்தனியே கேட்பார்கள். பொக்லைன் இறக்கக்கூட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வழக்கமாக நடப்பது என்னவென்றால், ஒருவர் ஒரு ஏக்கர் டீத் தோட்டத்தை வாங்குவார், செடியைப் பிடுங்கி மண்ணைச் சமப்படுத்துவார், பிறகுதான் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிப்பார். அதற்குள் விஏஓ புகைப்படம் எடுத்துப் போயிருப்பார், பொக்லைன் பறிமுதல், நோட்டீஸ், அதன்பின் எந்த அதிகாரியிடம் போய் நின்றாலும் அவர் பார்ப்பது அந்த நோட்டீஸைத்தான். கூடலூர் பக்கம் இன்னும் சிக்கல். ஜென்மிகளின் பழைய நில உரிமையை ஒழித்த 1969 ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-ல், அதாவது குத்தகைத் தோட்ட நிலங்களின் கணக்கில், அந்த நிலம் வருகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுத்தால் பட்டாவும் வராது, வங்கிக் கடனும் வராது.

அதனால்தான் 'மலைக்கு ஒரு பெரிய கம்பெனி கொண்டு வாங்க' என்ற கோரிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டடம் அதிகம் கேட்காத, நிலத்தைத் தோண்டாத ஒன்றைக் கேளுங்கள்: குளிர்பதனக் கிடங்கு, பொட்டலமிடும் கூடம், 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய தோடர் எம்பிராய்டரிக்குச் சரியான விற்பனை வழி. இவற்றுக்கு அதிகாரிகள் சரி என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது.

முதலீட்டாளர் மாநாட்டுச் செய்தியைப் படித்துவிட்டு மனக்கணக்குப் போடுவது இன்னொன்று. 2024 ஜனவரியில் சென்னையில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். அவை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், செய்ய நினைப்பதாகச் சொல்லிக் கையெழுத்திட்ட தாள். அதில் எவ்வளவு ஆலையாக எழும்பியது என்று தொடர்ந்து கேட்பது நல்ல கேள்வி, 'அதில் நீலகிரிக்கு ஏன் ஒரு கோடிகூட இல்லை' என்று கேட்பதைவிட.

அதிகாரியைப் பழக்கம் பிடித்துவிட்டால் போதும் என்று இருப்பதும் வேலைக்காகாது. பூஜா குல்கர்ணி, வி. விஷ்ணு என்று கைடன்ஸ் தலைமைக்குக் கொஞ்ச காலத்துக்குள்ளேயே ஆட்கள் மாறியிருக்கிறார்கள், ஐஏஎஸ் பணி அப்படித்தான். வாய்மொழியாக அவர் 'பார்க்கலாம்' என்று சொன்னதை அடுத்தவரிடம் போய்ச் சொல்லிப் பயனில்லை. கோப்பு எண், தேதி, ஒப்புகைச் சீட்டு இவை உங்களிடம் இருந்தால் யார் வந்தாலும் தொடரலாம்.

கடைசியாக மானியம். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு வங்கிக் கடனோடு மானியம் தருகிற மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் மலைப் பகுதிக்காரர்கள் சிறப்புப் பிரிவில் வருவதால் கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம், கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தொழில் மையம் பரிந்துரைக்கத்தான் செய்யும், கடன் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது வங்கி, அதனால் விண்ணப்பம் போடும் முன்பே கிளை மேலாளரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். ஏற்கெனவே ஓடுகிற யூனிட்டுக்கு முதல் கடன் கிடைக்காது, ஆகவே அவசரப்பட்டு மெஷின் வாங்கிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மானியத் தொகை கையிலும் வராது. 3 ஆண்டு வங்கியிலேயே வைப்பாகக் கிடந்து, பிறகுதான் கடனில் கழியும். இடையில் நேரில் வந்து சரிபார்ப்பார்கள், அன்றைக்கு யூனிட் பூட்டிக் கிடந்தால் அந்தப் பணம் திரும்பிப் போய்விடும்.