பிள்ளைக்கு இடம் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் துக்கம் நடந்து பதினாறு முடிவதற்குள் எனக்கு போன் வந்துவிடும். "தாய் தகப்பன் ரெண்டு பேரும் போயிட்டாங்க, பிள்ளைங்க நிக்குது, நல்ல ஹோம்ல எங்கயாச்சும் இடம் இருக்கா?" பேசுகிறவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், வகுப்பு ஆசிரியராக இருப்பார். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் தவறு அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று கேட்கிறோம், இந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

பெரும்பாலும் யாராவது இருப்பார்கள். ஒருமுறை ஒன்பது வயதுப் பையனுக்கும் ஐந்து வயதுத் தங்கைக்கும் யாருமே இல்லை என்று சொந்தக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். அப்பத்தாவுக்குக் கண் தெரியவில்லை, சித்தப்பா திருப்பூரில் ஒற்றை அறையில் இருக்கிறார், அத்தைக்கு மாமியார் கெடுபிடி. சரி என்று எழுதிக்கொண்டு கிளம்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பையனிடம் தனியாக உட்கார்ந்து, "லீவுக்கு யார் வீட்டுக்குப் போவே?" என்று கேட்டேன். சின்னம்மா வீடு என்றான். அம்மாவின் தங்கை, திருமயம் பக்கம் இருக்கிறார். காதல் கல்யாணம் செய்துகொண்டதால் வீட்டில் அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் அவர் பெயரையே யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். "என்னை ஒருத்தரும் கேக்கலையே" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

அதனால்தான், பெரியவர்கள் சொல்லும் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். பிள்ளையைக் கேளுங்கள். எந்த முடிவிலும் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும், இல்லம் என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது.

அடுத்த தவறு, ஏழ்மையைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிப்பது. ஆயா (பாட்டி) வளர்க்கத் தயாராக இருப்பார், சோற்றுக்குத்தான் வழி இருக்காது. அதற்குத் தீர்வு ஆயாவுக்கு உதவி வாங்கித் தருவது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமம் என்றால் 72,000, நகரம் என்றால் 96,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள். அலைச்சல் இருக்கும்தான். சிவகங்கைக்கோ புதுக்கோட்டைக்கோ போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அந்த அலைச்சலுக்குத் துணையாக ஒருவர் போவதே பெரிய உதவி.

அப்புறம் முத்திரைத்தாள். இந்த ஊர் பக்கம் சுவீகாரம் புதிதல்ல. சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசன், காரைக்குடிக்குச் சுவீகாரம் போய் நாராயணன் ஆனவர்தான். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் சிலர், அப்பத்தாவும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட்டு நோட்டரியிடம் முத்திரை வாங்கிவிட்டால் பிள்ளை தத்துப் போய்விட்டதாக நினைக்கிறார்கள். போகாது. பெற்றவர்களே இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி முறையாகக் கொடுப்பது வேறு விஷயம், வேறு காப்பாளர் கொடுப்பதென்றால் கோர்ட் அனுமதி வேண்டும். காசு கைமாறவே கூடாது, பிள்ளையை விலைக்கு விற்றாலோ வாங்கினாலோ 5 ஆண்டு வரை கடுங்காவல். மற்றபடி, ஆதரவற்ற பிள்ளையைத் தத்தெடுக்க மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் வழியாகத்தான் பதிவு செய்து வர வேண்டும்.

இன்னொன்றைச் சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும். "எங்க பெரிய வீடு பூட்டித்தான் கிடக்கு, பத்துப் பிள்ளைகளை வச்சுப் பாத்துக்கறோம், சமையலுக்கு ஆள் போட்டுடறோம்" என்று வெளியூரிலிருந்து கேட்பவர்கள் உண்டு. முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் உள்ள வீட்டில் இடத்துக்கு என்ன குறை? ஆனால் பதிவு இல்லாமல் பிள்ளைகளை வைத்திருந்தால் சட்டப்படி குற்றம், ஓராண்டு வரை சிறையோ குறைந்தது ஒரு லட்சம் அபராதமோ இரண்டுமோ வரலாம். இரவில் யார் உடன் படுப்பார்கள், பிள்ளை புகார் சொல்ல நினைத்தால் யாரிடம் சொல்லும், இதையெல்லாம் வெளியாள் வந்து பார்க்க வழி இருக்க வேண்டும், பதிவு கேட்பது அதற்காகத்தான். உதவ நினைப்பவர்கள் ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்கலாம், அல்லது முறைப்படி விண்ணப்பித்து வளர்ப்புப் பெற்றோர் (தத்தெடுக்காமல் பிள்ளையைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள்) ஆகலாம்.

உண்மையிலேயே யாரும் இல்லை, அல்லது வீடே ஆபத்து என்றால் நாமாக ஹோமைத் தேடி அழைத்துப் போகக்கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், இலவசம்தான். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் பிள்ளை குழந்தைகள் நலக் குழுவின் முன் வர வேண்டும். எங்கே வளரலாம் என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். அதற்காகக் குடும்ப நிலையை விசாரித்து ஓர் அறிக்கை வாங்குவார்கள். அந்த விசாரணைக்கு வருகிறவரிடம் எதையும் மறைக்காதீர்கள். சொன்னால் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களோ என்று பயந்து, ராத்திரி படுக்கையில் சிறுநீர் போவதையும் வலிப்பு மாத்திரையையும் சொல்லாமல் விட்டு, மூன்றே நாளில் இல்லத்திலிருந்து திரும்பி வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது முறை வீடு போன மாதிரி.

அண்ணன் தங்கையைப் பிரிப்பதும் சாதாரணமாக நடக்கிறது, ஆண்பிள்ளை இல்லம் ஒரு ஊர், பெண்பிள்ளை இல்லம் வேறு ஊர். சேர்த்து வைக்க ஒரு குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். முடியவே முடியாது என்றால், எந்தக் கிழமை யார் கூட்டிப் போய்ச் சந்திக்க வைப்பது என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

பிள்ளையிடம் "திருவிழாவுக்குப் போறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகவே கூடாது. எங்கே போகிறோம், ஏன், யார் எப்போது பார்க்க வருவார்கள் என்று சொல்லிவிடுங்கள். அழும், அழட்டும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு "யாராவது உதவுங்கள்" என்று கேட்காதீர்கள். அது பிள்ளையின் அடையாளத்தை ஊருக்கெல்லாம் காட்டுவது, தண்டனையும் உண்டு. பிறந்தநாள் சாப்பாடு போட்டுவிட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடுக்கும் படமும் அப்படித்தான்.

வளர்ந்த பிள்ளைகளை மறந்துவிடுகிறோம் என்பது என் பெரிய வருத்தம். 18 முடிகிற மாதம்தான் "இனி எங்கே?" என்று எல்லோரும் ஓடுகிறார்கள். அதற்குள் பாலிடெக்னிக் விண்ணப்பத் தேதி போயிருக்கும், சாதிச் சான்றிதழ் இருக்காது, வங்கிக் கணக்கு பழைய காப்பாளர் பெயரில் இருக்கும். 16 வயதிலேயே தொடங்குங்கள். ஆதார், டிசி, சாதிச் சான்றிதழ், தாய் தகப்பன் இறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில், ஒரு நகல் பிள்ளையின் கையில். 18க்குப் பிறகு 21 வயது வரை பிற்காப்பு உதவி (இல்லத்தை விட்டு வரும் பிள்ளை சொந்தக் காலில் நிற்பதற்கான உதவி) உண்டு என்பதை அந்தப் பிள்ளையிடமே சொல்லுங்கள், விண்ணப்பத்தை அதுவே தன் கையால் எழுதட்டும்.