பிக்கப் டிரக் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு சுமக்கும்: கணக்குப் போடுவது எப்படி?

2021 ஃபோர்டு எஃப்-150 வந்தபோது அமெரிக்க விளம்பரங்களில் இரண்டு எண்கள் பெரிதாக நின்றன: 14,000 பவுண்டு இழுக்கும், 3,325 பவுண்டு சுமக்கும். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே வண்டிக்கு உரியவை அல்ல. முதல் எண் 3.5 லிட்டர் டர்போ எஞ்சின் பொருத்திய வண்டிக்கு. இரண்டாவது 5 லிட்டர் வி8 எஞ்சின் பொருத்திய வண்டிக்கு. ஷோரூமில் நீங்கள் பார்க்கும் வண்டி பெரும்பாலும் இந்த இரண்டில் எதுவாகவும் இருக்காது.

பின்னால் இழுப்பது டோயிங், வண்டி தன் மேல் தாங்குவது பேலோட். புதிதாக வாங்குபவர்கள் டோயிங் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு டிரெய்லர் தேடப் போகிறார்கள். எஃப்-150, செவ்ரோலே சில்வராடோ 1500 போன்ற வண்டிகளில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது பேலோட்தான்.

1. டிரைவர் கதவைத் திறங்கள்

கதவுத் தூணில் இரண்டு ஸ்டிக்கர்கள் இருக்கும். டயர் காற்றழுத்தம் போட்டிருக்கும் ஸ்டிக்கரில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். அதே மாடல், அதே ஆண்டு என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் வேறு எண் இருக்கலாம். சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம் என்று சேர்க்கச் சேர்க்க வண்டியின் சொந்த எடை கூடும், பேலோட் குறையும்.

இன்னொரு ஸ்டிக்கரில் ஜி.வி.டபிள்யூ.ஆர். இருக்கும்: வண்டி, எரிபொருள், ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை. முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றும் தாங்கும் அளவும் அங்கேயே உண்டு. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடையை ஜி.சி.டபிள்யூ.ஆர். என்பார்கள். அதை வண்டியின் கையேட்டில் தேடுங்கள். எஞ்சினுக்கும் பின் அச்சின் கியர் விகிதத்துக்கும் ஏற்ப அது மாறும். அட்டவணையில் சரியான வரியைப் பிடிப்பது முக்கியம்.

2. கையில் கால்குலேட்டர் எடுங்கள்

ஒரு உதாரணம். விளம்பரத்தில் 11,000 பவுண்டு இழுக்கும் என்ற வண்டி, கதவு ஸ்டிக்கரில் பேலோட் 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம்.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்: 600 பவுண்டு. பின்பெட்டிக்கு மூடி, கூலர், கருவிகள்: 150. ஹிட்ச் (டிரெய்லரை டிரக்கோடு மாட்டும் இணைப்பு) சாமான்: 80. மிச்சம் 670 பவுண்டு.

இந்த 670-க்குள்தான் டிரெய்லர் தன் முன்முனையால் டிரக்கின் மேல் அழுத்தும் எடை அடங்க வேண்டும். இதை டங் வெயிட் என்கிறார்கள். பந்து ஹிட்சில் மாட்டும் சாதாரண டிரெய்லருக்கு இது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். நடுவில் 13 சதவீதம் எடுத்தால், 670-ஐ 0.13-ஆல் வகுக்கக் கிடைப்பது சுமார் 5,150 பவுண்டு.

11,000 எங்கே, 5,150 எங்கே! இந்தக் குடும்பம் தேட வேண்டியது 5,000 பவுண்டு டிரெய்லர்.

அதிலும் டிரெய்லர் விற்பவர் சொல்லும் காலி எடையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். டிரெய்லரின் சொந்த ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணை எடுங்கள். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டி நிரம்பினாலே 330 பவுண்டு ஏறிவிடும். அப்புறம் பாத்திரம், படுக்கை, கேஸ் சிலிண்டர் எல்லாம் இருக்கின்றன.

டிரக்கின் பின்பெட்டிக்குள் மாட்டும் ஐந்தாம் சக்கர வகை டிரெய்லர் என்றால் அழுத்தம் 15 முதல் 25 சதவீதம் வரை போகும். இன்னும் கனமான எஃப்-250, எஃப்-350 வாங்குபவர்கள் வீணாக வாங்கவில்லை.

3. விளம்பர எண் எங்கிருந்து வருகிறது?

அது பொய் எண் அல்ல. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த ஜே2807 என்ற சோதனை முறை இருக்கிறது. டொயோட்டா 2011 மாடல்களிலிருந்தே அதைப் பின்பற்றியது. மற்ற பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் கழித்து வந்தன. அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தில் ஏ.சி. ஓட ஓட ஏறுவதும் அந்தச் சோதனையில் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர். பிள்ளைகளும் கூலரும் கிடையாது.

4. ஹிட்ச், பிரேக்

ஹிட்சின் மேலும் பந்தின் மேலும் தனித்தனி எடை வரம்பு பொறித்திருக்கும். எல்லாவற்றிலும் எது சிறியதோ அதுவே உங்கள் வரம்பு. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் வாங்கினால் பின் அச்சின் பாரம் கொஞ்சம் முன்னால் போகும். நல்ல சாமான்தான், ஆனால் கதவு ஸ்டிக்கர் எண் அதனால் அதிகரிக்காது. பின் சஸ்பென்ஷனில் காற்றுப்பை போட்டு வண்டி நிமிர்ந்து நின்றாலும் அப்படித்தான்.

டிரெய்லருக்குத் தனி பிரேக் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் தங்கும் வசதியுள்ள கேம்பிங் டிரெய்லருக்கு 1,500 பவுண்டு, டெக்சாஸில் 4,500. பயணம் போகும் வழியில் உள்ள மாநிலங்களையும் பாருங்கள்.

5. எடை மேடையில் ஏற்றுங்கள்

நெடுஞ்சாலை ஓரத்து டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற நிறுவனத்தின் எடை மேடைகள் இருக்கும். ஆட்கள், சாமான் எல்லாவற்றோடும் டிரெய்லரை மாட்டி ஏறுங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்று எண்கள் தனித்தனியாக அச்சாகி வரும். முதல் இரண்டின் கூட்டல் டிரக்கின் ஜி.வி.டபிள்யூ.ஆருக்குள், மூன்றின் கூட்டல் ஜி.சி.டபிள்யூ.ஆருக்குள் இருக்க வேண்டும். டிரக்கின் ஒவ்வொரு அச்சையும் கதவு ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள்.

எடை கூடுதலாக வந்தால் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள், தேவையில்லாததை இறக்குங்கள். டங் வெயிட்டைக் குறைக்கிறேன் என்று சாமானையெல்லாம் டிரெய்லரின் பின்கோடியில் மட்டும் அடுக்காதீர்கள். முன்முனை 10 சதவீதத்துக்கும் கீழே இலேசானால், வேகம் எடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, டிரக்கையும் சேர்த்து இழுத்துவிடும்.