தடாமி ரயில் பாதை: பயணத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் புகுஷிமா மாகாணத்திலுள்ள ஐசு வகமட்சுவிலிருந்து நீகாட்டா மாகாணத்திலுள்ள கொய்தே வரை செல்லும் தடாமி பாதையின் நீளம் 135.2 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தூரத்தை வைத்துக் கணக்கிடுவதே முதல் தவறு. ஒற்றைத் தடத்தில், மலையையும் ஆற்றையும் ஒட்டி வளைந்து செல்லும் டீசல் வண்டிக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

தூரத்தைவிட முக்கியமானது வண்டிகளின் எண்ணிக்கை. 2011 ஜூலை பெருமழையில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டதால் மூடப்பட்ட ஐசு கவகுச்சி - தடாமி பகுதி, 2022 அக்டோபர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டது. 27.6 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பகுதியில் ஒவ்வொரு திசையிலும் நாளுக்கு மூன்று வண்டிகளே ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே குலைந்துவிடும். பழைய பயணக் குறிப்புகளில் காணப்படும் மாற்றுப் பேருந்தும் இப்போது இல்லை.

பலரை இங்கே இழுத்து வருவது முதலாம் தடாமி ஆற்றுப் பாலத்தின் புகைப்படம். ஆனால் அந்தப் பாலத்தின் மீது செல்லும் வண்டியில் அமர்ந்திருப்பவருக்கு ஆறு தெரியுமே தவிர, பாலத்தின் வளைவு தெரியாது. அதைக் காண மிஷிமா ஊரில் இறங்கி, மலைச்சரிவில் உள்ள காட்சி மேடைக்கு ஏற வேண்டும். பிறகு அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வண்டியில் முடிக்க நினைப்பவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். குளிர்காலத்தில் மாலை வண்டியைத் தேர்ந்தெடுப்பவருக்கோ சன்னலுக்கு வெளியே இருட்டு மட்டுமே மிஞ்சும்.

ஐசு வகமட்சுவில் பெயர்ப்பலகையைக் கவனித்து ஏறுவதும் அவசியம். நிஷி வகமட்சு வரை ஐசு ரயில்வேயின் வண்டிகளும் இதே தடத்தில் ஓடி, அங்கிருந்து தெற்கே பிரிந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, இரு பாதைகளிலுமே 'ஐசு' என்று தொடங்கும் நிலையங்கள் ஏராளம்.

டோக்கியோவில் பயன்படும் தொடு அட்டையை மட்டும் நம்பி வருவதும் சரியல்ல. வழியிலுள்ள சிறு நிலையங்கள் பலவற்றில் ஊழியரும் இல்லை, அட்டையைப் பதியும் கருவியும் இல்லை. ஓட்டுநர் மட்டுமே உள்ள வண்டியில், ஏறும்போது எண் அச்சிட்ட சீட்டை எடுத்துக்கொண்டு, இறங்கும்போது அதனுடன் கட்டணத்தையும் முன்புறப் பெட்டியில் போட வேண்டும். அதற்குச் சில்லறை தேவை.

குளிர்காலத்தில் வண்டி ரத்தானால் சாலை வழியே கடந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். தடாமிக்கு மேற்கே வண்டி 6,359 மீட்டர் சுரங்கத்தின் வழியே மலையைக் கடக்கிறது. மேலே கணவாய் வழியாகச் செல்லும் 252ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோ பனிக்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும்.