பேஸ்மென்டில் ஓர் அன்ரனா: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவில் பேஸ்மென்ட் எடுத்துக் குடிவந்த கையோடு பலர் கேபிளுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முப்பது, நாற்பது டொலருக்கு வீட்டுக்குள் வைக்கும் அன்ரனா ஒன்று வாங்கினால் ரொறன்ரோ சனல்களை மாதக் காசு கட்டாமல் பார்க்கலாம். லண்டன் சித்தப்பா, ரிவி பார்க்க லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று பயமுறுத்தியிருப்பார். கனடாவில் அப்படி ஒன்றும் இல்லை.

கடைக்குப் போகுமுன் ரிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். திருகுமரை போட்ட சின்ன வட்ட முனை ஒன்று இருக்க வேண்டும். கணினித் திரைகளில் அது இருக்காது. பெட்டியில் '4கே', '200 மைல்' என்று அடித்திருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பெரும்பாலான சனல்கள் வருவது சிஎன் கோபுரத்தில் இருந்து. ஸ்காபரோவுக்கு அது இருபது கிலோமீற்றர் சொச்சம்தான். இவ்வளவு கிட்டத்தில் அலையைப் பெருக்கும் பூஸ்டர் போட்டால் சில வேளை வருகிற சனலும் கெட்டுவிடும். அந்தக் காசுக்கு நீளமான வயர் வாங்குங்கள்.

பேஸ்மென்டில் எங்கே வைக்கிறோம் என்பதுதான் எல்லாம். நான் முதலில் ரிவிக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். இரண்டே சனல். சுவருக்கு அந்தப் பக்கம் மண், பிறகு எப்படி வரும்? அப்புறம் மேலே இருக்கும் அந்தச் சின்ன ஜன்னல்வரை வயரை இழுத்து, தென்மேற்குப் பக்கம் பார்க்கிற மாதிரி, கலண்டர் தொங்கிய ஆணியில் மாட்டினேன். பதினொன்று வந்தது.

ரிவி மெனுவில் 'கேபிள்' அல்ல, 'அன்ரனா' என்பதைத் தெரிவுசெய்து சனல் தேடவிடுங்கள். அன்ரனாவை இடம் மாற்றினால் மறுபடியும் தேட வேண்டும். 5.1 சிபிசி, 41.1 குளோபல், 57.1 சிற்றி. காலையில் பிள்ளைகளுக்கு 19.1, ரிவிஓ. சிரிவியின் 9.1 மட்டும் அடம்பிடிக்கலாம். அது வரும் விஎச்எஃப் அலை நீளமானது, தட்டையான தாள் அன்ரனாவைவிட இரண்டு கம்பி நீட்டும் பழைய வகைக்குத்தான் நன்றாகப் பிடிபடும்.

ஊரில் பார்த்த புள்ளிமழை இங்கே இல்லை. பெருநகரங்களில் 2011 ஓகஸ்ட் 31 உடன் பழைய அனலொக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. வந்தால் படம் பளிச்சென்று வரும், இல்லையென்றால் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும்.

மேல்மாடிக் கொண்டோவில், தெற்கு ஜன்னலோடு இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஏரிக்கு அப்பால் அமெரிக்க நகரமான பஃபலோவின் 2.1, 4.1, 7.1 கூட வரலாம். சில ஜன்னல் கண்ணாடிகளில் குளிர் தடுக்கும் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அது அலையையும் தடுக்கும். அப்படியென்றால் பல்கனியில் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் கூரையில் ஏறி, "இப்ப தெரியுதோ?" என்று கத்திக் கத்திக் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தூரதர்ஷனைப் பிடித்த ஆட்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ் நாடகம் பார்க்க இது உதவாது, அதற்கு இன்ரநெற்தான். வாங்கிய பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள். எங்கே மாட்டினாலும் ஒன்றும் பிடிபடாத பேஸ்மென்ட்களும் இருக்கின்றன. அப்படியென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.