காலைப் பனியில் மட்டும் அடங்கிப்போன கேட்டல் கருவி

நுவரெலியாவில் காலைப் பனியில் பாடசாலைக்கு நடக்கும்போது மகளின் கேட்டல் கருவி அடங்கிவிடும். கிளினிக்கின் கதகதப்பான அறையிலோ ஒரு குறையும் தெரியாது. நான்கு நாள் வீண். 13ஆம் இலக்கப் பற்றரி இரண்டு மாற்றினேன், காதுக்குள் பொருத்தும் அச்சான மோல்டில் இருந்த குறும்பியை எடுத்தேன், பலனில்லை.

கருவியையும் மோல்டையும் இணைக்கும் குழாயை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது: வளைவில் கடுகளவு நீர்த்துளி. காதின் சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் நீராகி ஒலியை அடைக்கிறது. கருவியின் கொக்கியிலிருந்து குழாயைக் கழற்றி ரப்பர் ஊதியால் ஊதினேன், சத்தம் வந்துவிட்டது. வாயால் ஊதக்கூடாது, இன்னும் ஈரம் சேரும்.

இப்போது இரவில் கருவி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்ட இறுக்கமான போத்தலில். பற்றரி வெளியேதான், உள்ளே போட்டால் காய்ந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றுகிறோம்.