பரணில் போர்க்காலத் துப்பாக்கி அகப்பட்டால் செய்ய வேண்டியவை
புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) குடும்பத்துப் பழைய வீட்டைப் பிரிக்கும்போது, பரணிலுள்ள தகரப்பெட்டியில் போர்க்காலத் துப்பாக்கி அகப்பட்டால், அதைத் தொடாமல் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அறையைப் பூட்டுங்கள். துருவேறியிருந்தாலும் உள்ளே தோட்டா இருக்கக்கூடும். 1892 மாதிரி பிரெஞ்சுச் சுழல்துப்பாக்கியின் உருளையில் ஆறு தோட்டாக்கள் வரை நிற்கும். ஆகவே எண்ணெய் போட்டுத் துடைப்பதோ விசையை இழுத்துப் பார்ப்பதோ கூடவே கூடாது. ஸ்கூட்டரில் வைத்து நீங்களே எடுத்துச் செல்லாமல், அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். தாத்தாவின் நினைவுப்பொருளாயிற்றே என்று மனம் தயங்குவது இயல்புதான். அவருடைய பதக்கங்களையும் படைப்பணிச் சான்றுகளையும் போற்றி வைத்துக்கொண்டு, ஆயுதத்தை மட்டும் ஒப்படைத்துவிடுங்கள். அப்போது துப்பாக்கியின் வரிசை எண் குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.