வாழைக்கு விடும் தண்ணீரைப் பப்பாளிக்கு விடாதீர்கள்

வீடு கட்டிக் குடிபோனதும் கொல்லையில் முதலில் இடம்பிடிப்பவை பெரும்பாலும் வாழையும் பப்பாளியும்தான். இரண்டும் ஓராண்டை ஒட்டிப் பலன் தரும். மா, பலா போல அகலமான இடமும் கேட்பதில்லை. மரம் என்று சொன்னாலும் வைரம் பாய்ந்த கட்டை இரண்டிலுமே கிடையாது. இந்த ஒற்றுமைகளை நம்பி, பாத்திரம் கழுவும் தண்ணீர் விழும் குழியின் ஓரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டுவிடுகிறார்கள். வாழை தளதளவென்று வளர்கிறது. பப்பாளி ஆளுயரம் வந்து, பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் ஐப்பசி மழையைச் சந்திக்கிறது. இலைகள் பழுத்துத் தொங்குகின்றன, ஒருநாள் காற்றில் தூரோடு சாய்கிறது. “நம் மண்ணுக்குப் பப்பாளி வராது” என்று தீர்ப்பும் எழுதியாகிவிடுகிறது. பாவம், மண் என்ன செய்யும்?

வாழை எந்நேரமும் ஈரம் கேட்கும். அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவிக் கிடப்பவை, இலைகளோ பெரியவை. ஒரு வாரம் காய்ந்தால்கூடத் தாரில் தெரிந்துவிடும். நாள்கணக்கில் தண்ணீர் தேங்குவது வாழைக்கும் நல்லதில்லைதான், ஆனால் ஓரளவு தாங்கிக்கொள்ளும். பப்பாளியின் வேருக்குக் காற்று வேண்டும். ஒன்றிரண்டு நாள் தண்ணீர் நின்றாலே வேர் மூச்சுத் திணறும். பித்தியம் என்ற பூஞ்சை தூரைப் பிடித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் மண்ணை ஒட்டிய தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நல்ல மரமாக இருந்தால் வெளிர்பச்சைச் சதையும் சொட்டுப் பாலும் தெரியும். தூரழுகல் வந்த மரத்தில் தோல் பழுப்பாகி நீர் கோத்திருக்கும், உள்ளே தேனடை போலப் பொந்து விழுந்திருக்கும். அந்தக் கட்டத்தில் மருந்து ஊற்றி மரத்தைக் காப்பாற்றுவது அரிது.

ஆகவே பாத்தி கட்டும் முறையே இரண்டுக்கும் நேர்மாறு. வாழையைச் சுற்றிக் குழிவாகப் பாத்தி பிடித்துச் சருகும் மட்டையும் மூடாக்காகப் போடலாம். பப்பாளிக்கு ஓரடி உயர மேடு போட்டு அதன் நடுவில் நட வேண்டும். தூரிலிருந்து ஓரடி தள்ளி வட்ட வாய்க்கால் எடுத்து அதில்தான் தண்ணீர் விட வேண்டும். மூடாக்கும் தண்டைத் தொடக் கூடாது. துணி துவைத்த தண்ணீரைப் பொறுத்தவரை, வாழைக்குக்கூட அதை மட்டுமே நம்பி விடாதீர்கள். சோப்புத்தூளில் உள்ள சோடியம் சேரச் சேர மண் இறுகும், இலை ஓரம் கருகும். நல்ல தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினால் சமாளிக்கலாம்.

அடுத்த பிழை கன்றில் தொடங்குகிறது. அக்கம்பக்கத்தில் வாழைக்கன்று கேட்டால் அகன்ற இலையோடு பார்க்க அழகாக இருப்பதைத்தான் தோண்டிக் கொடுப்பார்கள். அது நீர்க்கன்று, தாய்க் கிழங்கோடு அதற்குப் பிடிப்பு குறைவு, வீரியமும் குறைவு. இலை ஈட்டி போலக் குறுகி, அடி பருத்திருக்கும் ஈட்டிக் கன்றைக் கேட்டு வாங்குங்கள். பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். தாய்மரம் நோயில்லாததா என்பதையும் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும் முடிக்கொத்து நோய் கன்றின் வழியாகவும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வழியாகவும் பரவும். சிறுமலை வாழையை அழித்த நோய்களில் இதுதான் முக்கியமானது. ரஸ்தாளி ஆசைப்படுகிறவர்கள் வாடல் நோயையும் கணக்கில் வைக்க வேண்டும். அது ஒருமுறை வந்த மண்ணில் மறுபடி ரஸ்தாளி வைப்பது வீண். அங்கே பூவன் வைக்கலாம். மண் சுமார்தான், ஆனால் வாடல் வந்ததில்லை என்றால் கற்பூரவல்லி; அதற்கும் வாடல் நோய் வரும்.

பப்பாளியைப் பிடுங்கி நடுவது பெரும்பாலும் தோல்விதான். குப்பைமேட்டில் தானாக முளைத்து முழங்கால் உயரம் வந்த செடியைத் தோண்டும்போதே வேர் அறுந்துவிடுகிறது. விதையை வழுவழுப்புத் தோல் போகச் சாம்பலில் தேய்த்துக் கழுவி, பையில் முளைக்கவைத்து, 45 முதல் 60 நாள் கன்றாக மண் கலையாமல் நடுவதே வழி. கடையில் வாங்கித் தின்ற பழத்தின் விதையைப் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது சந்தையில் பரவலாக இருக்கும் ரெட் லேடி ஒரு கலப்பின ரகம். அதன் விதையில் வரும் மரம் தாயைப் போல இருக்கும் என்ற உறுதி கிடையாது.

ஆண் மரம் என்ற தலைவலியும் உண்டு. கோ 2, கோ 8 போன்ற ரகங்களில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். பூக்கும் வரை வித்தியாசம் தெரியாது. நீண்டு தொங்கும் காம்பில் சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாக வந்தால் ஆண். தண்டை ஒட்டிப் பருத்த பூ வந்தால் பெண். எனவே ஒரு குழிக்கு ஒரு கன்றோடு நிறுத்தாமல் மூன்று நான்கு வைத்து, பூத்த பிறகு வேண்டாததை வெட்டிவிடுவதுதான் முறை. தோப்பில் 15 முதல் 20 பெண் மரங்களுக்கு ஓர் ஆண் போதும். ஆண் மரத்தில் ஆணி அடித்தால் காய்க்கும் என்று ஆணி தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மரத்துக்குக் காயம்தான் மிச்சம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கோ 7 வைக்கலாம். அதில் ஆண் மரம் வராது. இருபால் பூ மரமும் பெண் மரமும்தான் வரும்.

உரத்தில் ஒரே கைப்பிடி அளவை இரண்டுக்கும் போடுவதும் வழக்கமான தவறு. தோட்டக்கால் வாழைக்கான பரிந்துரையில் தழைச்சத்தைப் போல மூன்று மடங்கு சாம்பல்சத்து இருக்கும். மரத்துக்கு 110 கிராமுக்கு 330 கிராம். பப்பாளிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளையும் சமமாக, தலா 50 கிராம் கொடுப்பார்கள். காய் கோணலாகி, முண்டும் முடிச்சுமாக, மேலே பால் கசிந்து நின்றால் அது பெரும்பாலும் போரான் பற்றாக்குறை. லிட்டருக்கு 1 கிராம் போரிக் அமிலம் கலந்து இலையில் தெளித்தால் அடுத்து வரும் காய்கள் தேறும்.

பப்பாளிக்குப் பக்கத்தில் பூசணி, பீர்க்கு, வெள்ளரிக் கொடிகளைப் படரவிடாதீர்கள். வளையப்புள்ளி வைரஸும் அதைச் சுமந்துவரும் அசுவினியும் அங்கே தங்க வழியாகிவிடும். மாவுப்பூச்சியைக் கண்டதும் கடும் விஷத்தைத் தூக்குவதும் கூடாது. பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. அதை அடக்கியது மருந்தல்ல. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற கடுகினும் சிறிய குளவி. விஷம் தெளித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். தண்ணீரைப் பீய்ச்சியடித்துக் கழுவினாலே வீட்டு மரத்துக்குப் பெரும்பாலும் போதும்.

பயன்பாட்டில் வாழைக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரே மரத்தில் இலையும் தாரும் கேட்பது. பூ வெளியே வந்துவிட்டால் அந்த மரத்தில் அதற்குப் பிறகு புது இலை வராது. குட்டையாக ஓர் இலை விரியும்; அதுதான் கடைசி. அப்போது நிற்கும் பத்துப் பன்னிரண்டு இலைகளை வைத்துத்தான் காய் முழுவதும் திரள வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, விருந்தாளிக்கு இரண்டு என்று அறுத்துக்கொண்டே இருந்தால் தார் விரல் விரலாக மெலிந்து நிற்கும். இலைக்கென்று ஒரு தூரைத் தனியாக விட்டுவிடுங்கள்; பூவன் அதற்கு நல்லது. கடைசிச் சீப்பு வெளிவந்ததும் பூவை ஒடித்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம், அது தாருக்கும் நல்லதே. குலை தள்ளும் வரை பக்கக்கன்றுகளை அறுத்துக்கொண்டே இருந்து, பிறகு ஒன்றை மட்டும் வளரவிடுவது வழக்கம்.

பப்பாளியில் கவனம் பாலில் இருக்க வேண்டும். காயில் ஊறும் அந்தப் பாலில்தான் பப்பெயின் இருக்கிறது. கடினமான இறைச்சி சீக்கிரம் வேக ஒரு துண்டு காய் போதும் என்பதும், கர்ப்பிணிகள் காயைத் தவிர்க்க வேண்டும் என்பதும் அதனால்தான். பழுத்த பழத்தில் பால் வெகுவாகக் குறைந்துவிடும். டெங்குக் காய்ச்சலுக்கு இலைச்சாறு குடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது உயிரோடு விளையாடுவது. பறிக்கும் பதமும் ஒன்றுண்டு: தோலில் முதல் மஞ்சள் கோடு விழுந்ததும் பறித்து வீட்டில் பழுக்கவைக்கலாம். முழுப் பச்சையாகப் பறித்தால் இனிப்பு ஏறாது. மரத்திலேயே பழுக்கவிட்டால் அணிலுக்கு.

மூன்றாண்டுக்கு மேல் பப்பாளியை வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எட்டாத உயரத்தில் சிறுத்துப்போன காய்களைத் துரட்டியால் இழுத்து உடைப்பதைவிடப் புதுக் கன்று வைக்கலாம். தார் வெட்டிய வாழையை மட்டும் அன்றே அடியோடு சாய்க்காதீர்கள். பாதி உயரத்தில் வெட்டி நிறுத்தினால் தண்டில் மிஞ்சியிருக்கும் சத்தும் நீரும் பக்கக்கன்றுக்கு இறங்கும். ஓரிரு மாதம் கழித்து மீதியை வெட்டிப் பப்பாளி மேட்டைச் சுற்றி, தண்டைத் தொடாமல், மூடாக்காகப் போடலாம்.